சீட்டுக்கடியில் ஒரு பிறப்புச் சீட்டு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். அன்று விஜயதசமி. காலை எட்டேகாலுக்கே இரண்டு காதும் சுட ஆரம்பித்துவிட்டன. வாசலில், மாவிலை கட்டிய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் அங்கமுத்து குந்திக்கொண்டு, "ராணி, சீட்டுப் பூட்டுல சாவி போவ மாட்டேங்குது," என்றார். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"போவ மாட்டேங்குதுன்னா?"

"பாதி போவுது. அதுக்கு மேல போவல. திருப்பவும் முடியல."

அந்த சீட்டுக்கு அடியில்தான் எங்கள் பிள்ளை அனுசியாவின் காகிதங்கள் இருந்தன. பதினேழு வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சீட்டு ஒன்று. அவளைப் பெற்றவள் போன மாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சத்தியக் கடிதம் இன்னொன்று. இரண்டும் ஒரே பிளாஸ்டிக் உறையில். பத்தரை மணிக்கு ஆயர் குரோவில், பதிவிலாகாவில் எங்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

பெற்றவள் பெயர் பவானேஸ்வரி. கோலா சுங்கை பாரு பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பெண். பத்தொன்பது வயதில் செங்கில் இருந்த தொழிற்சாலையில் என்னோடு ஒரே லைனில் வேலை பார்த்தாள். எங்கள் வீட்டில்தான் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வயிற்றில் பிள்ளையைக் கொடுத்தவன் யாரென்று கடைசிவரை அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் அதை என் மடியில் கிடத்திவிட்டு ஊருக்குப் போனவள் போனவள்தான். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லை. வீடு தேடி வந்த மகாலட்சுமியை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கென்ன பைத்தியமா? வளர்த்தோம். ஆனால் பிறப்பைப் பதியவில்லை. பதியப் போனால் தாய் எங்கே என்று கேட்பார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று இவர் பயந்தார். "பொறகு பாத்துக்கலாம், பொறகு பாத்துக்கலாம்" என்றே வருடத்தை ஓட்டினார். நானும் தலையாட்டினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வயதில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஐசி, அதாவது அடையாள அட்டை, எடுக்கப் போனார்கள். எங்கள் பிள்ளை மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் அழவில்லை. "அப்ப நான் எந்த நாட்டு ஆளு?" என்று மட்டும் கேட்டாள். ஐசி இல்லையென்றால் இந்த நாட்டில் வேலை இல்லை, லைசென்ஸ் இல்லை, பேங்கில் ஒரு கணக்கு இல்லை. நான் ஏறாத படி இல்லை. பெற்றவளைக் கூட்டி வாருங்கள் என்றுதான் போன இடத்தில் எல்லாம் சொன்னார்கள். போன வருடம் தஞ்சோங் கிளிங்கில் ஒரு கல்யாணத்தில் பவானேஸ்வரி என் கண்ணில் பட்டாள். புருசன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள் என்று குடும்பமாக இருந்தாள். அவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. மண்டபத்துக்குப் பின்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அதற்குப் பிறகும் ஒரு வருடம் போனில் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன். அதுவும் இந்த ஒரு நாள். புருசன் லாரி எடுத்துக்கொண்டு ஜொகூர் போகிற நாள். பன்னிரண்டு மணிக்கு மேல் இருக்க மாட்டேன், இன்னொரு தடவை கூப்பிட்டால் போனை எடுக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள், எனக்குக் காது சுடுமா, சுடாதா?

காகிதத்தை அங்கே வைத்தது இவர்தான். முந்தின நாள் ஆயுத பூசை. மோட்டாரைக் கழுவித் துடைத்துவிட்டு, "காயிதத்தையும் உள்ளயே வெச்சிடுறேன் ராணி. பூசையில வெச்ச மாதிரியும் ஆச்சி, காலையில மறக்காமயும் இருக்கும்," என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடுவதில்லை. அதனால் நானும் திறந்து பார்க்கவில்லை. இவர் சந்தனத்தைக் குழைத்து மோட்டாரில் கண்ட இடத்தில் எல்லாம் பொட்டு வைத்தார். விளக்குக்கு, மீட்டருக்கு, கைப்பிடிக்கு, கடைசியில் சீட்டுப் பூட்டின் சாவித் துவாரத்துக்கும். இப்போது அந்தத் துவாரத்தில் சந்தனம் மஞ்சளாகக் காய்ந்து இறுகிக் கிடந்தது.

"சாவித் தொளையில போயி எந்த மடையனாச்சும் சந்தனம் வெப்பானா?" என்றேன்.

"எல்லா எடத்துலயும் வெக்கிறதுதானே."

"அப்ப பெட்ரோலுக்குப் பதிலா பஞ்சாமிர்தம் ஊத்தியிருக்க வேண்டியதுதானே!"

நான் சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். அசையவில்லை. ஒரு காலை மோட்டார் மேல் ஊன்றிக்கொண்டு இழுத்தேன். பின்னூசியால் துவாரத்தைக் குத்தினேன். ஊசி வளைந்ததுதான் மிச்சம். "மா, பலமா இழுக்காதீங்க, ஒடைஞ்சிடும்," என்று அனுசியா என் தோளைப் பிடித்தாள். பள்ளி உடுப்புக்குப் பதிலாக நான் வாங்கிக் கொடுத்த புதுச் சுடிதாரைப் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டு நல்லமுத்து சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்னா ராணி, காலையிலயே பட்டாசு சத்தம்? தீவாளிக்கு இன்னும் நாளு கெடக்குலா," என்றார். நான் பார்த்த பார்வையில் தலை உள்ளே போய்விட்டது.

என்ஜின் சாவிக்குத் துவாரம் வேறு. அதனால் மோட்டார் ஓடியது. அவர் அதை ஓட்டிக்கொண்டு முன்னே போக, நானும் பிள்ளையும் பின்னாலேயே தெருக்கோடியில் உள்ள தம்புசாமி அண்ணன் மோட்டார் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். தம்புசாமி அண்ணன் கடை வாசலில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துக் கறியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. பசியாறியாச்சா?"

"அண்ணே, பசியாறுற நேரமா இது? சீட்டு தொறக்கணும், பிள்ளையோட காயிதம் உள்ள மாட்டிக்கிச்சி. அரை மணி நேரத்துல தொறக்கணும். மெசின வெச்சி அறுத்தாலும் சரி."

"அறுக்கலாம். சீட்டுக்குக் கீழதான் பெட்ரோல் டாங்கி. ஒரு பொறி பறந்தா நீ, நான், ஒன் காயிதம் எல்லாம் ஒன்னா மேல போயிடலாம்."

கையைக் கழுவிவிட்டு வந்தார். சீட்டின் பின்பக்கத்தை இழுத்துப் பார்க்காமல், உள்ளங்கையை வைத்துக் கீழே அமுக்கினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு இத இழுத்தது?"

"நான்தான்."

"இழுத்தா கொக்கி இன்னும் இறுக்கிப் புடிக்கும். சீட்டு மாட்டிக்கிச்சின்னா அமுக்கணும், இழுக்கக் கூடாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க?"

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. வேலை ஆகவேண்டி இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் எண்ணெயை அடித்து, மெல்லிய கம்பியால் சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். நான் கடைச் சுவரில் இருந்த மணியைப் பார்த்தேன். ஒன்பது பத்து. என் வீட்டுக்காரர் கடைக்கு வெளியே போய், வடிகால் ஓரமாக நின்றார். பக்கத்தில் வந்து விளக்குக்கூடப் பிடிக்கவில்லை. இந்த மனிதனுக்குக் கொஞ்சமாவது பதைப்பு இருக்கிறதா பார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

"தங்கச்சி, இங்க வா," என்றார் தம்புசாமி அண்ணன். குரல் மாறியிருந்தது.

அவர் உள்ளங்கையில் சந்தனத் தூள் ஒரு சிட்டிகைதான் இருந்தது. அதன் நடுவில், சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு குச்சி. விளக்குமாற்று ஈர்க்கு.

"சந்தனம் மேலதான். தண்ணி பட்டா கரைஞ்சிடும், அது ஒரு கேடும் பண்ணாது. உள்ள இத ஒடச்சி எறக்கியிருக்கு. இன்னொரு துண்டு ஆழத்துல கெடக்கு, அது வராது. இது தானா போயி பூந்துக்காது. குத்தி ஏத்துன குச்சி."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பூட்டைத் தொட்டது யார், சந்தனம் வைத்தது யார், காகிதத்தை உள்ளே வைக்கலாம் என்று சொன்னது யார்? மூன்றும் ஒரே ஆள். நான் வெளியே திரும்பினேன். அவர் என்னைப் பார்க்காமல் வடிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா?"

அவர் காலால் ஒரு கல்லை வடிகாலுக்குள் தள்ளினார்.

"ஒங்களத்தான் கேக்குறேன். நீங்களா?"

"ஆமா," என்றார்.

பதினாறு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை பார்க்கிறவர் இவர். ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் காவல். இங்கே வேலியே பயிரை மேய்ந்துவிட்டு நிற்கிறது. என் வாயில் என்ன வந்தது என்று எனக்கு முழுசாக நினைவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கத்தினேன். ஐந்து வருடம் நான் நாயாய் அலைந்ததைச் சொல்லிக் கத்தினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இதுதானா என்று கேட்டுக் கத்தினேன். பிள்ளையின் கழுத்தை அறுப்பதற்குப் பூசை நாள்தான் கிடைத்ததா, அதற்குச் சாமியின் சந்தனம்தான் கிடைத்ததா என்று கேட்டேன். கையில் அகப்பட்ட ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்தேன். அது அவர் மேல் படாமல் வடிகாலில் விழுந்தது.

அவர் வடிகாலில் இறங்கி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"போன வாரம் அந்த ஆபீசுக்குப் போயி கேட்டேன்," என்றார். "தகப்பன் பேரு போடுற எடத்துல என்னா போடுவீங்கன்னு கேட்டேன். பெத்தவளுக்கு அப்ப கல்யாணம் ஆவலேன்னா ‘தகவல் இல்ல’ன்னு போடுவாங்களாம். தகவல் இல்லையாம் ராணி. பதினேழு வருசமா நான் இங்கதான இருக்கேன்? அவ டெங்கியில கெடந்தப்ப எட்டு நாளு ஆஸ்பத்திரி தரையில படுத்தேனே, அது தகவல் இல்லையா?"

"அதுக்கு?"

"இன்னிக்கி மட்டும் தள்ளிப் போவட்டும்னு..."

"இன்னிக்கி தள்ளிப் போனா என்னிக்கும் இல்ல! தெரியும்ல ஒங்களுக்கு? தெரிஞ்சிதான செஞ்சீங்க? ஒங்க பேர வெச்சி அவ நாக்கு வழிக்கவா? ஒங்க பேரு அவளுக்கு வேல வாங்கிக் குடுக்குமா? லைசென்ஸ் வாங்கிக் குடுக்குமா? நாளைக்கி ரோட்டுல போலீஸ்காரன் நிப்பாட்டி ஐசி கேட்டா, எங்கப்பா பேரு அங்கமுத்துன்னு சொல்லி அழுவாளா?"

அவர் மேல் எனக்கு இரக்கமே வரவில்லை. வந்ததாகச் சொன்னால் அது பொய். அந்த நேரத்தில் அவரை வடிகாலில் பிடித்துத் தள்ளலாம் போலத்தான் இருந்தது.

அனுசியாதான் நடுவில் வந்தாள். அவர் கையில் இருந்த ஹெல்மெட்டை வாங்கிக் கீழே வைத்தாள். "பா," என்றாள். "நான் அவங்ககூட போயி இருக்கப் போறதில்ல. எனக்கு ஐசி மட்டும்தான் வேணும். அது இல்லாம என்னால எதுவுமே செய்ய முடியல பா." அவ்வளவுதான். அழுகையோ கோபமோ இல்லாமல், கடையில் சாமான் கேட்பதுபோலக் கேட்டாள்.

தம்புசாமி அண்ணன் தொண்டையைச் செருமினார். "குடும்பப் பஞ்சாயத்த பொறகு வெச்சிக்கலாம்லா. பூட்டு வழி அடைஞ்சிடுச்சி. கீழ வழியாத்தான் போவணும்," என்று சொல்லிவிட்டு, பழைய அட்டைப் பெட்டியை விரித்துப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். மட்கார்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் சந்து இருந்தது. அதில் நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டார். "கொக்கி மாட்டுது. ஆனா இறுகிக் கெடக்கு. கனமான ஆளு ஒருத்தர் சீட்டு மேல உக்காந்து பின்னால சாயணும். அப்பதான் கொக்கி தளரும்."

நான் ஏறி உட்காரப் போனேன்.

"நீ காணாது தங்கச்சி, ஒன் கனம் பத்தாது," என்றார் கீழே இருந்து.

என் வீட்டுக்காரர் வந்தார். யாரையும் பார்க்காமல் மோட்டாரில் ஏறி, சீட்டின் பின்கோடியில் உட்கார்ந்து, தன் எண்பத்தைந்து கிலோவையும் அதில் இறக்கினார். இரண்டு கையாலும் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி அழுத்தினார். "இன்னும்," என்றார் தம்புசாமி அண்ணன். கழுத்து நரம்பு புடைக்க இன்னும் அழுத்தினார். "இன்னும் கொஞ்சம்." கீழே இரும்பு இரும்போடு உரசியது. டக் என்று ஒரு சத்தம். அவர் இறங்கியதும் சீட்டு தானாகவே அரை அங்குலம் மேலே வந்தது.

மழைக்கோட்டுக்கு அடியில் உறை அப்படியே இருந்தது. ஒரு மடிப்புக்கூட இல்லை. நான் அதைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டேன். மணி ஒன்பது ஐம்பது. போனில் கிராப் வாடகைக் காரை வரச் சொன்னேன். நானும் பிள்ளையும் ஏறிக்கொண்டோம். அவரை வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பாதி வழியில் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, மாவிலை ஆட, சீட்டை ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டு அந்த மோட்டார் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. வரட்டும், வந்து வாசலில் நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வழி முழுக்க மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

பவானேஸ்வரி கடைசி வரிசையில் ஓர நாற்காலியில் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அனுசியா பக்கத்தில் வந்ததும் எழுந்து நின்றாள். பிறந்து பன்னிரண்டு நாளில் விட்டுப் போன பிள்ளை, இப்போது அவளைவிட நாலு விரல் உயரம். ஒருதரம் பார்த்துவிட்டு உடனே மணிக்கட்டைப் பார்த்தாள். "லேட்டாகுமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். இவள் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. அதற்கு அப்போது நேரம் இல்லை.

எங்கள் எண்ணை அழைத்தார்கள். முகப்பு மேசையின் முன்னால் இரண்டே நாற்காலி. ஒன்றில் அனுசியா உட்கார்ந்தாள். மற்றொன்றில் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். கிளினிக், பள்ளிக்கூடம், எங்கே போனாலும் அவள் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்து பழக்கம். யோசித்து உட்காரவில்லை. பவானேஸ்வரி பின்னால் நின்றாள். அவளுக்கும் பின்னால் என் வீட்டுக்காரர் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. ஈர ஹெல்மெட்டின் வாடை அடித்தது.

கண்ணாடி போட்ட மலாய்க்கார அதிகாரி, நல்ல மனுஷி, சிரித்த முகம். காகிதங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மென்மையாகக் கேட்டார். "புவான் இபு டியா?" நீங்கள்தானே இவளுடைய அம்மா?

புக்கான். இல்லை என்று சொல்ல மலாயில் அந்த ஒரு சொல் போதும். சொல்லிவிட்டு எழுந்து பவானேஸ்வரிக்கு இடம் கொடுக்க வேண்டும். இதற்காகத்தான் ஐந்து வருடம் அலைந்தேன். இதற்காகத்தான் காலையில் தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினேன். வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதிகாரி காத்திருந்தார். அனுசியா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்ப முயன்றேன். காற்றுதான் வந்தது. எத்தனை கெட்ட வார்த்தை வேண்டுமானாலும் வரும் என் வாய்க்கு, அந்த ஒரு சொல் வரவில்லை.

"புக்கான், புவான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து பவானேஸ்வரியைக் கையால் காட்டினார். "இனி இபு டியா." இவர்தான் அம்மா.

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் அப்பாவா என்று கேட்டார்.

"புக்கான்," என்றார் மறுபடியும். பள்ளிக்கூட வாசலில் நின்று வண்டிகளுக்கு வழி சொல்கிற குரலில், தெளிவாக, தடுமாறாமல் சொன்னார். எப்படி அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று எனக்கு அவர் மேல் மறுபடியும் ஆத்திரம் வந்தது. அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். ஹெல்மெட்டின் வாரை விரலைச் சுற்றி முறுக்கியிருந்தார். விரல் நுனி கருத்துப் போயிருந்தது.

தாயும் பிள்ளையும் மட்டும் இருந்தால் போதும், இனி கேள்விகளுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வெளியே உட்காரலாம் என்று அதிகாரி பணிவாகச் சொன்னார். நான் எழுந்தேன். நாற்காலியில் பவானேஸ்வரி உட்கார்ந்தாள். அதிகாரி பேனாவைத் திறந்து, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இருவரும் கதவை நோக்கி நடந்தோம்.

"அம்மா," என்று அனுசியா கூப்பிட்டாள்.

எந்த அம்மாவைக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். அதிகாரியும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன்.